டாம் ஃபின்னி: லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் ஏன் கைக்கு வரவில்லை? (விவாத இழை)

#1 ஓரக்கோடு

ஐம்பதுகளின் இங்கிலாந்து கால்பந்து என்றாலே பேச்சு ஸ்டான்லி மேத்யூஸில் தொடங்கி அவரிடமே முடிந்துவிடுகிறது. அதே ஆண்டுகளில், அதே லங்காஷயரில், அதே வலது ஓரத்துக்குப் போட்டியாக இருந்தவர் டாம் ஃபின்னி. அவருக்கென்று ஒரு இழை வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

அடிப்படைக் கணக்கு இது. பிறப்பு 5 ஏப்ரல் 1922, பிரெஸ்டன். வாழ்நாள் முழுக்க ஒரே லீக் கிளப், பிரெஸ்டன் நார்த் எண்ட். 1946 முதல் 1960 வரை லீக்கில் 433 ஆட்டம், 187 கோல். எஃப்.ஏ. கோப்பையையும் (தோற்றால் வெளியேறும் இங்கிலாந்துக் கிளப் போட்டி) சேர்த்தால் 473 ஆட்டம், 210 கோல். இங்கிலாந்துக்கு 76 ஆட்டம், 30 கோல். 1950, 54, 58 என மூன்று உலகக் கோப்பைகளில் ஆடினார். கால்பந்து எழுத்தாளர் சங்கத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை இரண்டு முறை (1954, 1957) வாங்கிய முதல் ஆள். ஒரு தடவைகூட நடுவர் அவர் பெயரைக் குறித்துக்கொண்டதில்லை, வெளியேற்றியதும் இல்லை.

இவ்வளவுக்கும் பெரிய பதக்கம் ஒன்றும் இல்லை. 1941 போர்க்காலக் கோப்பை, 1951 இரண்டாம் டிவிஷன் பட்டம், அவ்வளவுதான். 1953, 1958 இரண்டிலும் லீக்கில் இரண்டாம் இடம். 1954 கோப்பை இறுதியில் தோல்வி. இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். "நல்லவர், எளிமையானவர்" என்ற பாராட்டு எல்லா இடத்திலும் கிடைக்கும். இங்கே ஆட்டத்தையும் கணக்கையும் பேசுவோம்.

#2 பழையகணக்கு

முதலில் போர். அதை விட்டுவிட்டு அவருடைய எண்களைப் படிக்கக் கூடாது.

பிரெஸ்டன் கிளப் பையனாக இருந்தபோதே கூப்பிட்டது. முதலில் குழாய் வேலைப் பயிற்சியை முடி, பிறகு பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் முழு ஒப்பந்தம் 1940-இல்தான். அதற்குள் 1939-40 லீக் பருவம் மூன்றே சுற்றோடு நின்றுபோயிருந்தது. மண்டலப் போட்டிகள், போர்க்காலக் கோப்பை என்று ஆடினார். 1941 மே மாதம் வெம்பிளியில் ஆர்சனலோடு 1-1, பிளாக்பர்னில் நடந்த மறு ஆட்டத்தில் 2-1 வெற்றி. அப்போது அவருக்கு வயது 19. இந்தப் போட்டிகள் எதுவும் அதிகாரபூர்வ லீக் கணக்கில் சேராது.

1942-இல் ராணுவம். எகிப்து, பிறகு இத்தாலி. எட்டாவது படையில் டாங்கிப் பிரிவு. லீக்கில் முதல் ஆட்டம் 31 ஆகஸ்ட் 1946, லீட்ஸ் யுனைடெடுக்கு எதிராக, 3-2 வெற்றி. வயது 24 தாண்டிவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, 28 செப்டம்பரில் பெல்ஃபாஸ்டில் இங்கிலாந்து சட்டை. 7-2 வெற்றி, அவருக்கு ஒரு கோல். மேத்யூஸ் 1915-இல் பிறந்தவர். போருக்கு முன்பே பல லீக் பருவங்கள் ஆடி முடித்தவர். ஃபின்னிக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இன்னொரு கணக்கு. 14 பருவம், பருவத்துக்கு 42 ஆட்டம், மொத்தம் 588. அவர் ஆடியது 433. விடுபட்டவை 155. காயம் ஒரு காரணம். கணுக்கால், இடுப்பு, தொடை என்று ஓயாமல் அடிபட்டார். மற்றது பலரும் மறந்துவிடுவது: அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டங்கள் சனிக்கிழமைகளில் நடக்கும், லீக் அன்றைக்கு நிற்காது. நாட்டுக்கு ஆடப் போனால் கிளப் அவர் இல்லாமலேயே அன்றைய ஆட்டத்தை ஆடித் தீர வேண்டும். நட்சத்திரங்கள் நிறைந்த அணி சமாளிக்கும். பிரெஸ்டனுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வெற்றிக்கான இரண்டு புள்ளி விஷயம்.

#3 இரட்டைக்கால்

ஆட்டத்துக்கு வருகிறேன். ஃபின்னியின் இயல்பான கால் இடது. வலது காலைச் சிறுவயதிலேயே பழக்கிப் பழக்கிச் சமமாக்கியவர். இங்கிலாந்துக்கு ஆடிய 76-இல் வலது ஓரம் 40, இடது ஓரம் 33, நடு முன்கள ஆட்டக்காரராக 3. உலகத் தரத்தில் இப்படி இரு ஓரத்திலும் கிட்டத்தட்டச் சரிபாதியாக ஆடிய விங்கர்கள் (ஓர முன்கள ஆட்டக்காரர்கள்) மிகக் குறைவு.

அது எதிரணி ஃபுல்பேக்குக்கு (ஓரம் காக்கும் தடுப்பாளர்) என்ன தொல்லை தரும் என்பதைச் சொல்ல, அன்றைய அமைப்பைச் சொல்ல வேண்டும். 1925-இல் ஆஃப்சைடு விதி மாறி, முன்னால் மூன்று பேருக்குப் பதில் இரண்டு எதிராளி இருந்தால் போதும் என்றானது. அதிலிருந்து டபிள்யூ-எம் அமைப்பு பரவியது. சென்டர் ஹாஃப் (நடுவில் நிற்கும் தடுப்பாளர்) பின்னால் இறங்கி எதிரணியின் நடு முன்கள ஆட்டக்காரரைப் பிடிப்பார். இரண்டு ஃபுல்பேக்கும் விங்கர்களைப் பிடிப்பார்கள். பந்து ஒரு பக்கம் இருந்தால் மறுபக்க ஃபுல்பேக் உள்ளே நகர்ந்து சென்டர் ஹாஃபுக்குப் பின்னால் காவல் நிற்பார். அதாவது மறுபக்க விங்கர் அந்த நேரத்தில் தனியாக நிற்கிறார். பந்து சட்டென்று குறுக்கே வந்தால் ஃபுல்பேக் ஓடிவந்து நிற்பதற்குள் விங்கர் பந்தைக் காலடியில் வைத்துத் திரும்பிவிடுவார்.

பிறகு ஒருவருக்கு ஒருவர். வழக்கமான விங்கரை ஃபுல்பேக் ஒரு பக்கமாக ஒதுக்குவார்: உள்வழியை அடைத்து, வெளிவழியைக் கோட்டை நோக்கிக் காட்டுவார், அல்லது பலவீனமான காலின் பக்கம் தள்ளுவார். மேத்யூஸ் பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் போவார் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியாது. ஃபின்னியிடம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. வெளியே போய் வலது காலால் பந்தைப் பின்னால் இழுத்துக் கொடுப்பார். உள்ளே வெட்டி இடது காலால் அடிப்பார். ஃபுல்பேக் நடுநிலையில் நின்றால் இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கும். 187 லீக் கோல் ஒரு விங்கருக்கு எப்படி வந்தது என்பதற்குப் பாதி விடை இதுதான். மீதிப் பாதி பெனால்டிகளும் பிற்காலத்து நடு முன்கள நிலையும்.

மேத்யூஸா ஃபின்னியா என்று பத்திரிகைகள் அடித்துக்கொண்டபோது தேர்வாளர்கள் 1947 மே 25 அன்று லிஸ்பனில் ஒரு வழி செய்தார்கள்: மேத்யூஸ் வலது, ஃபின்னி இடது. போர்ச்சுகலுக்கு எதிராக 10-0. லாட்டன் 4, மார்ட்டென்சன் 4, விங்கர்கள் ஆளுக்கு ஒன்று. அடுத்த ஆண்டு டூரினில் இத்தாலியை 4-0 என்று வென்றதில் ஃபின்னிக்கு இரண்டு.

#4 வடமராட்சி

அருமையான விளக்கம். உதைபந்தாட்டத்தில விங்கர் எண்டால் ஓடிப்போய் பந்தைத் தூக்கிப் போடுறவர் எண்டுதான் கனபேர் நினைக்கினம்.

ஒரு கேள்வி. 1956-இல் எடுத்த ஃபின்னியின்ர அந்தப் படம், தண்ணிக்குள்ள சறுக்கிக்கொண்டு போறது, அப்படியான மைதானத்தில இந்த நுணுக்கமெல்லாம் எப்படிச் சாத்தியம்? பந்தும் அப்ப நல்ல பாரம்தானே?

#5 லேஸ்பந்து

அந்தப் படம் 1956 ஆகஸ்ட், ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ், செல்சிக்கு எதிராக. அதை வைத்துச் செய்த சிலைதான் 2004 முதல் பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்துக்கு வெளியே நிற்கிறது.

பந்தைப் பற்றி. 1937 முதல் விதிப்படி ஆட்டம் தொடங்கும்போது எடை 14 முதல் 16 அவுன்ஸ், ஏறத்தாழ 396 முதல் 453 கிராம். காய்ந்த நிலையில் இன்றைய பந்தும் அதே அளவுதான். வித்தியாசம் ஈரத்தில். தோல் தண்ணீரைக் குடிக்கும், ரப்பர் பிளாடருக்கு மேல் தோல் ஊதிக்கொள்ளும், தையல் தளரும், வடிவம் கோணும். பிளாடரை உள்ளே வைத்து வாயை லேஸ் போட்டுக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டு நெற்றியில் பட்டால் கிழிக்கும். பூட்ஸ் கணுக்காலை மூடும் உயரம், முனை கெட்டி. அடியில் தோல் ஸ்டட்களை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். ஸ்டட் தேய்ந்தால் ஆணி வெளியே தலைகாட்டும்.

ஆனால் ஓரத்தில் ஆடுவதற்கு இதில் ஒரு சாதகம் உண்டு. நவம்பர் வந்தால் மைதானத்தின் நடுப்பகுதியும் இரண்டு கோல் வாயும் சேறாகிவிடும். மிதி குறைவாகப் படும் ஓரங்களில் மட்டும் புல் மிஞ்சும். பந்து உருண்டு வரும் இடம் அதுதான். அதனால்தான் எல்லா அணியும் விங்கரைத் தேடிப் பந்தைக் கொடுத்தது. ஈரப்பந்தை உயரமாகத் தூக்கிக் குறுக்கே அனுப்புவது கடினம். பாதி வழியில் இறங்கிவிடும். கோல்கோடு வரை போய்த் தாழ்வாகப் பின்னால் இழுத்துக் கொடுத்தால் ஓடிவரும் ஆள் முகத்துக்கு நேரே அடிக்கலாம், தடுப்பாளர்கள் தங்கள் கோலைப் பார்த்தபடி திரும்ப வேண்டும். ஃபின்னி இதில் வல்லவர்.

#6 கறார்மணி

எல்லாம் சரி. ஆனால் உண்மையிலேயே பெரிய வீரர் என்றால் வெற்றிபெறும் கிளப்புக்குப் போயிருக்க வேண்டும். 1952-இல் பலெர்மோ கூப்பிட்டதே? போகாமல் இருந்தது அவருடைய தேர்வுதானே? ஊர்ப்பாசம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு வீணடிப்பைப் பெருமையாக்குகிறோம் என்று தோன்றுகிறது. 1953-உம் அப்படித்தான்: கோல் சராசரி என்ற கோணல் விதி இல்லாமல் கோல் வித்தியாசம் பார்த்திருந்தால் பட்டம் பிரெஸ்டனுக்கு வந்திருக்கும்.

#7 ஒப்பந்தம்

மணி சார், பலெர்மோ விஷயத்தில் அவருக்குத் தேர்வு என்று ஒன்று இருக்கவே இல்லை. அதைத் தெளிவாக வைக்கிறேன்.

1952 மே மாதம் இங்கிலாந்து அணி இத்தாலியில் இருந்தபோது பலெர்மோ தலைவர், இளவரசர் ரைமோண்டோ லான்ட்சா, பேசினார். கையெழுத்துக்கு 10,000 பவுண்ட், மாதம் 130 பவுண்ட், போனஸ், கடலோர வீடு, கார். இரண்டு ஆண்டு. அப்போது இங்கிலாந்தில் அதிகபட்ச ஊதியம் பருவத்தில் வாரம் 14 பவுண்ட், கோடையில் 10. வெற்றிக்கு 2 பவுண்ட், சமனுக்கு 1 பவுண்ட் கூடுதல். கோடைக் குறைப்பைப் பார்க்காமல் 52 வாரமும் 14 என்றே போட்டாலும் ஆண்டுக்கு 728. கையெழுத்துப் பணம் மட்டுமே ஏறக்குறைய 14 ஆண்டுச் சம்பளம்.

அவர் கிளப்பிடம் கேட்டார். தலைவர் நாட் பக் ஒரேயடியாக மறுத்துவிட்டார்: பிரெஸ்டனுக்கு ஆடு, இல்லையென்றால் எங்கும் ஆட முடியாது. அது வெறும் மிரட்டல் அல்ல, அன்றைய விதி. ஒப்பந்தம் ஒரு பருவத்துக்குத்தான். பருவம் முடிந்ததும் கிளப் இரண்டு பட்டியல் கொடுக்கும்: வைத்துக்கொள்பவர்கள், விற்பனைக்கு உரியவர்கள். 'வைத்துக்கொள்பவர்' பட்டியலில் பெயர் இருந்தால், ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் பதிவு கிளப்பிடமே. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் சம்பளமும் நின்றுவிடும், வேறு லீக் கிளப்பும் தொட முடியாது. இத்தாலி ஃபிஃபா உறுப்பு நாடு. பழைய கிளப் விடுவிக்காமல் அங்கே பதிவு செய்யவும் முடியாது.

விதியை மீறிப் போக ஒரே ஓட்டை கொலம்பியா, அது ஃபிஃபாவுக்கு வெளியே இருந்ததால். 1950-இல் இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் நீல் ஃபிராங்க்ளின் ஸ்டோக்கை விட்டு பொகோட்டாவுக்குப் போனார். சில மாதத்தில் திரும்பினார், தடை விதிக்கப்பட்டது, ஹல் சிட்டிக்கு விற்கப்பட்டார், அதன் பிறகு நாட்டுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அது நடந்து இரண்டு ஆண்டுக்குள் ஃபின்னி முன்னால் இந்தக் கேள்வி.

கிளப் விரும்பினால் மட்டும் கதவு திறக்கும். 1957-இல் ஜான் சார்ல்ஸை லீட்ஸ் 65,000 பவுண்டுக்கு யுவென்டஸிடம் விற்றது. பிரெஸ்டன் விற்க விரும்பவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

இங்கிலாந்துக்குள்ளேயே வேறு கிளப் என்றாலும் இதே பூட்டு. அதோடு, போனாலும் ஒரு பவுண்ட் கூடக் கிடைக்காது. எல்லா கிளப்பிலும் உச்சவரம்பு ஒன்றே. 1947-இல் 12, 1951-இல் 14, 1953-இல் 15, 1957-இல் 17, 1958-இல் 20. உச்சவரம்பு ஒழிந்தது 1961 ஜனவரி, ஃபின்னி ஓய்வுபெற்று ஒரு ஆண்டுகூட ஆகவில்லை. வைத்துக்கொள்ளும் முறையை நீதிமன்றம் உடைத்தது 1963 ஜூலை, ஜார்ஜ் ஈஸ்தம் வழக்கில். நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அதைத் தொழில் செய்யும் உரிமை மீதான நியாயமற்ற கட்டுப்பாடு என்றார். ஃபின்னியின் குழாய்த் தொழிலை "எளிமை" என்று கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆடும் காலம் முழுக்க அவருக்கு அந்தத் தொழில் ஓர் அவசியம்.

#8 பழையகணக்கு

1953 பற்றி மணி சொன்னது பரவலாக உலவும் நம்பிக்கை. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

ஆர்சனல்: 21 வெற்றி, 12 சமன், 9 தோல்வி, 54 புள்ளி, 97 அடித்து 64 வாங்கியது.
பிரெஸ்டன்: 21 வெற்றி, 12 சமன், 9 தோல்வி, 54 புள்ளி, 85 அடித்து 60 வாங்கியது.

கோல் சராசரி என்பது அடித்ததை வாங்கியதால் வகுப்பது. 97/64 = 1.516. 85/60 = 1.417. இடைவெளி 0.1-க்கும் ஒரு மயிரிழை குறைவு.

கோல் வித்தியாசம் பார்த்தால் ஆர்சனல் +33, பிரெஸ்டன் +25. அப்போதும் ஆர்சனல்தான், இன்னும் வசதியாக. சராசரி முறையில் பிரெஸ்டனுக்கு இன்னும் 6 கோல் தேவைப்பட்டது: 91/60 = 1.517. அல்லது 4 கோல் குறைவாக வாங்கியிருந்தால் போதும்: 85/56 = 1.518. வித்தியாச முறையில் 8 கோல் கூட அடித்தாலும் +33-க்குச் சமம்தான் ஆகும், 93-க்கு 97 என்று அடித்த கோலில் மறுபடி பின்தங்கும், 9 வேண்டும். ஆக அந்த 'கோணல் விதி' பிரெஸ்டனுக்கு உதவும் பக்கம்தான் இருந்தது, ஏனென்றால் அது குறைவாக வாங்கும் அணிக்குச் சாதகமானது. இன்றைய மூன்று புள்ளி முறையிலும் 75-75 சமம்.

கடைசி வாரத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் 25, டீப்டேலில் பிரெஸ்டன் 2, ஆர்சனல் 0. ஏப்ரல் 29, டெர்பியில் பிரெஸ்டன் 1-0. பிரெஸ்டனின் 42 ஆட்டமும் முடிந்தது. மே 1 வெள்ளி மாலை, தன் ஹைபரி மைதானத்தில் பர்ன்லியுடன் ஆர்சனலின் கடைசி ஆட்டம். அதற்கு முன் ஆர்சனல் 52 புள்ளி, 94-62. சமன் செய்தால் 53, பட்டம் பிரெஸ்டனுக்கு. வென்றால், எந்த எண்ணிக்கையில் வென்றாலும், ஆர்சனலுக்கு. பர்ன்லி முதலில் கோல் அடித்தது. முடிவு 3-2 ஆர்சனல். மறுநாள் சனிக்கிழமை வெம்பிளியில் பிளாக்பூல் 4, போல்டன் 3. மேத்யூஸுக்குக் கோப்பைப் பதக்கம். ஒரே லங்காஷயர், ஒரு நாள் இடைவெளி.

#9 வடமராட்சி

கணக்கு விளங்கீட்டுது. 1954 இறுதியாட்டம் பற்றி யாரும் சொல்லேல்லையே?

#10 இரட்டைக்கால்

1 மே 1954, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 3, பிரெஸ்டன் 2. ஃபின்னிக்கு மோசமான நாள், அதை மழுப்ப வேண்டியதில்லை. வெஸ்ட் பிராமின் இடது ஃபுல்பேக் லென் மில்லார்ட், அவருக்கு முன்னே இடது ஹாஃப் (நடுக்கள ஆட்டக்காரர்) ரே பார்லோ. மில்லார்ட் அவசரப்பட்டுக் காலை நீட்டவே இல்லை. வெளிவழியைக் காத்துத் தள்ளி நின்றார். உள்ளே வெட்டினால் அங்கே இன்னொருவர். நான் #3-இல் சொன்ன "இரு பக்கமும் திறந்து கிடக்கும்" என்பதற்கு மாற்று மருந்து இரண்டாவது ஆள்தான். அந்த விலையைக் கொடுத்தால் வேறெங்கோ ஒரு ஆள் தனியாவார், அவரைப் பயன்படுத்தும் அளவுக்கு பிரெஸ்டன் அன்றைக்கு ஆடவில்லை.

மாரிசனும் வேமனும் அடித்து பிரெஸ்டன் 2-1 என்று முன்னிலையில்தான் இருந்தது. பிரெஸ்டனின் டாக்கர்ட்டி செய்த ஃபவுலுக்குக் கிடைத்த பெனால்டியில் ரானி ஆலன் சமன் செய்தார். முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஃபிராங்க் கிரிஃபின் அடித்து முடித்தார்.

இன்னொன்றும் சேர்க்கிறேன். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடு இங்கிலாந்து லீக்கில் 1965 வரை கிடையாது. காயம்பட்டவரை ஓரத்தில் நிறுத்தி ஆட்டத்தை ஓட்டுவார்கள். ஃபின்னியை அடித்துக் காயப்படுத்தினால் எதிரணிக்குக் கிடைத்த லாபம் இன்றைய கணக்கில் அடங்காது. அப்படியும் ஒரு எச்சரிக்கை வாங்காமல் ஆடி முடித்தார் என்பதை அந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

#11 கறார்மணி

கிளப் விடாதது, கணக்கு, இரண்டும் தெளிவு. அப்படியானால் அவருடைய சிறந்த காலம் எது? எல்லோரும் 1947-50 என்கிறார்கள்.

#12 இரட்டைக்கால்

என் தேர்வு 1956-58. 34 வயதில் நடு முன்களத்துக்கு மாறினார். பழைய பாணியில் சென்டர் ஹாஃபோடு முட்டிக்கொண்டு நிற்கும் ஆளாக அல்ல, பின்னால் இறங்கிப் பந்தை வாங்கி, சென்டர் ஹாஃபை வெளியே இழுத்து, அந்த இடைவெளியில் சக வீரர் டாமி தாம்சனை ஓடவிட்டார். 1953 நவம்பரில் வெம்பிளியில் ஹங்கேரியின் ஹிடேகுட்டி இங்கிலாந்தை 6-3 என்று பிய்த்தெறிந்தது இதே யோசனையில்தான். அன்று ஃபின்னி காயத்தால் ஆடவில்லை.

1957-இல் இரண்டாவது விருது. 1957-58 பருவத்தில் பிரெஸ்டன் 100 லீக் கோல். தாம்சன் 34, ஃபின்னி 26. பட்டம் வுல்வ்ஸுக்கு, ஐந்து புள்ளி முன்னால். அந்த ஆண்டு எந்த விதியும் குறுக்கே வரவில்லை, வுல்வ்ஸ் மேலான அணி. அதே கோடையில் கோதன்பர்க்கில் சோவியத் அணிக்கு எதிராக கோல்காவலர் யாஷினைத் தாண்டி பெனால்டி அடித்து 2-2. அந்த ஆட்டத்தின் காயத்தால் மீதி உலகக் கோப்பை போயிற்று. அக்டோபரில் பெல்ஃபாஸ்டில் 30-ஆவது கோல், இங்கிலாந்தின் அதிகபட்சக் கோல் சாதனை. அதே மாதம் இன்னொரு இங்கிலாந்து வீரர் லாஃப்ட்ஹவுஸும் 30 கோலை எட்டிச் சேர்ந்துகொண்டார். ஓரத்தில் தொடங்கி 36 வயதில் இந்த இடத்துக்கு வந்ததுதான் எனக்கு அவருடைய ஆட்ட அறிவுக்குச் சான்று.

#13 ஓரக்கோடு

ஓய்வைப் பற்றியும் குறிப்பாக எழுதிவிடுகிறேன். கடைசி லீக் ஆட்டம் 30 ஏப்ரல் 1960, டீப்டேலில், லூட்டன் டவுனுக்கு எதிராக. அடுத்த பருவமே பிரெஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது, இன்றுவரை உச்சப் பிரிவுக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு பெரிய ஆட்டம். 1963 செப்டம்பர், ஐரோப்பியக் கோப்பை, தொடக்கநிலைத் தகுதிச் சுற்று. வட அயர்லாந்தின் டிஸ்டில்லரி கிளப் 41 வயது ஃபின்னியை அழைத்தது. எதிரணி யூசேபியோ ஆடிய பென்ஃபிகா. பெல்ஃபாஸ்டில் 3-3. லிஸ்பனில் நடந்த இரண்டாம் ஆட்டத்துக்கு அவர் போகவில்லை. டிஸ்டில்லரி 5-0 என்று தோற்றது.